குளிரில் உறையும் எரிபொருள்

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து நிற்கிறது. அருகிலிருக்கும் நல்லெண்ணெயோ தடையின்றி ஒழுகுகிறது. நம் இல்லங்களில் காணும் இவ்வேறுபாட்டை உணர்ந்தால், கடுங்குளிரில் உயிரி டீசல் ஏன் இடர் தருகிறது என்பதும் எளிதில் விளங்கும்.

தாவர எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தபின் கிடைப்பதே உயிரி டீசல். மூல எண்ணெயின் கொழுப்பு அமில இயல்பு இதிலும் தொடர்கிறது. நிறைவுற்ற அமிலங்கள் மிகுந்த பாமாயிலிலிருந்து பெற்றது ஏறத்தாழ 15 பாகை செல்சியசிலேயே மங்கத் தொடங்கும். சோயா எண்ணெயிலிருந்து பெற்றதோ 0 பாகையை ஒட்டியே மங்கும். நுண்ணிய மெழுகுப் படிகங்கள் தோன்றுவதே இம்மங்கலுக்குக் காரணம். அவை பெருகி வடிகட்டியை அடைக்க, எரிபொருள் கிட்டாது எஞ்சின் நின்றுவிடும். குளிர் மேலும் மிகுந்தால், எரிபொருள் ஓடும் தன்மையையே இழக்கும்.

இக்குறை உயிரி டீசலுக்கு மட்டும் உரியதன்று. சாதாரண டீசலிலும் மெழுகு உண்டு. ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் சரக்குந்துகள் உருவாகின்றன. வெயிலில் உருவாகும் வண்டி பனிமலை ஏறவும் நேரலாம். லடாக்கில் குளிர்காலத்தில் வண்டி நின்றால், உணவும் மருந்தும் உரிய காலத்தில் சென்று சேரா.

இதனை உணர்ந்தே, இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கிற்கெனக் குளிர்கால டீசலை அறிமுகம் செய்தது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் உருவான அது, சுழியத்திற்குக் கீழ் 33 பாகை வரையிலும் ஓடும் தன்மையை இழப்பதில்லை. அதில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலந்திருந்தது என்பது நாம் கருதத்தக்கது. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் எட்ட வேண்டிய இலக்காகக் குறித்ததும் இதே 5 விழுக்காடே. ஆகவே, உயிரி டீசல் குளிருக்கு முற்றும் ஆகாதது என்று தள்ளுவது பொருந்தாது; எந்த எண்ணெய், எவ்வளவு கலவை, எத்தகைய குளிர் என்று அளவறிந்து பயன்படுத்துவதே முறை.

வண்டி ஓட்டுவோர் சமவெளியில் நிரப்பிய எரிபொருளை நம்பி மலை ஏறலாகாது. அவ்விடத்துக் குளிருக்கேற்ற டீசலையே நிரப்புதல் வேண்டும். உயிரி டீசல் தொட்டியிலுள்ள பழைய கசடுகளைக் கரைத்துக் கொணரும். ஆதலால் மாற்று வடிகட்டியும் உடனிருத்தல் நன்று. வடிகட்டியைச் சூடாக்கும் மின்கருவியும், காற்றுப் படாத நிறுத்துமிடமும் துணை செய்யும். உறைந்த தொட்டியின் கீழ்த் தீ மூட்டுவதோ பேராபத்து.

இத்தொழிற்பகுதியை நோக்கிச் செல்லவிருக்கும் மாணவர்கள், இயந்திரத்தோடு எரிபொருளின் இயல்பையும் கற்றல் வேண்டும். இரண்டையும் அறிந்தவரிடமே தொலைதூர வண்டியை நம்பி ஒப்படைக்கலாம்.