ரோம வெள்ளிக்காசில் தெய்வமும் எடையும்

காசில் தெய்வத்தைப் பொறிப்பது பல நாடுகளில் இருந்த பழக்கம். கல்லாப்பெட்டிக்கு நாம் பொட்டு வைப்பதும் ஏறக்குறைய அதே எண்ணம்தான். ரோமாபுரியின் வெள்ளிக்காசுக்குத் தெனாரியஸ் என்று பெயர். சுமார் கி.மு. 211-இல் அது வெளிவந்தபோது ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. மறுபக்கம் குதிரை மேல் காஸ்டர், பொலக்ஸ் என்னும் இரட்டைத் தெய்வங்கள். பார்த்தால் நம் அசுவினி தேவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு மாறுதல். அவர் தத்தெடுத்த பேரன்கள் கையஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் காசு ஒன்று உண்டு. அவர்கள் தலைக்கு மேலே சின்னதாக ஒரு கரண்டியும் வளைந்த கோலும் தெரியும். கரண்டி, வேள்வியில் மது வார்ப்பது. கோல், பறவைச் சகுனம் பார்க்கும் குருக்கள் பிடிப்பது. 'இவர்கள் வெறும் இளவரசர்கள் அல்ல, குருமார்களும்கூட' என்பது அதன் பொருள். அடுத்து வந்த திபேரியஸ் (கி.பி. 14-37) காசில் ஒரு பெண் கிளையேந்தி அமர்ந்திருக்கிறாள். சமாதான தேவி என்பார் சிலர், பேரரசரின் தாய் லிவியா என்பார் சிலர். சுற்றிலும் 'தலைமைக் குரு' என்ற பட்டம்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இந்தியாவில் கிடைத்த தெனாரியஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான். கோவை அருகே வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையலில் மட்டும் 522 வெள்ளிக்காசுகள். பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை.

நம்மூர் வணிகர்களுக்கு லத்தீன் எழுத்தா தெரியும்? எடை தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி ஒரு செய்தி எழுதுகிறார். காற்றில் திசைமாறி இலங்கை சேர்ந்த ஒரு ரோமனிடம் இருந்த காசுகளை அந்நாட்டு அரசன் பார்த்தான். முகங்கள் வேறு வேறு, எடை ஒன்றே என்று கண்டு ரோமரின் நேர்மையை மெச்சினானாம்.

அந்த நேர்மை நீடிக்கவில்லை. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தது போய், கி.பி. 64-இல் நீரோ 96 ஆக்கினார். மாற்றும் குறைந்தது. அப்படி இளைத்த காசிலேயே 'காக்கும் ஜூபிடர்' என்று பெருந்தெய்வத்தை உட்கார வைத்தார்! நம் பக்கத்துப் புதையல்களில் அதற்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் மிகக் குறைவு. தெய்வத்தின் படம் காசுக்கு அழகு சேர்க்கும். நாணயத்துக்கு நாணயம் சேர்ப்பது எடைதான் என்று நான் கருதுகிறேன்.

ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். ரோமக் காசைக் கண்டால் அரசர் முகத்தோடு நின்றுவிடாமல், பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள்.