குறைந்த கம்பியில் எல்லா ஊருக்கும் விளக்கு!

எல்லா ஊருக்கும் மின்சாரம் வேண்டும். ஆனால் கம்பி குறைவாகச் செலவாக வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கம்பி இழுப்பது?

செக்கோஸ்லோவாகியா நாட்டில் 1925-26-ல் இந்தக் கேள்வி எழுந்தது. அங்கே மொரேவியா என்ற பகுதியில், ஊர் ஊராக மின்சாரம் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்தது. (மொரேவியா இப்போது செக் குடியரசில் இருக்கிறது.) கம்பிக்கும் கம்பத்துக்கும் ஏராளமாகப் பணம் பிடித்தது. மிச்சமாகும் கம்பியில் இன்னோர் ஊருக்கு விளக்கு எரியுமே!

மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்த சாக்செல் என்பவர், இந்தக் கணக்கைத் தன் நண்பரிடம் கொடுத்தார். நண்பரின் பெயர் ஒட்டாக்கர் போரூவ்கா. புர்னோ நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். 1899-ல் பிறந்த இளைஞர்.

10 கோடி வழி!

"இது என்ன பெரிய கணக்கு?" என்று தோன்றலாம். ஒரு கம்பிகூட வீண் இல்லாமல் 5 ஊர்களை இணைக்க 125 வழிகள் உண்டு. 10 ஊர் என்றால் 10 கோடி வழி! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுள் போதாது.

போரூவ்கா சொன்ன முறையைப் பள்ளிப் பிள்ளையும் செய்யலாம். ஒவ்வோர் ஊரும் தனக்கு மிகக் கிட்டத்தில் உள்ள ஊருக்குக் கம்பி போட வேண்டும். உடனே ஊர்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்துவிடும். பிறகு அந்தக் கூட்டத்தை ஒரே ஊர்போல நினைத்துக்கொள்ள வேண்டும். வெளியே எந்த ஊர் மிகக் கிட்டத்தில் இருக்கிறதோ, அதற்கு ஒரு கம்பி. எல்லாம் ஒன்றாகும்வரை இதே வேலைதான்.

ஒவ்வொரு சுற்றிலும் கூட்டங்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். 10 ஊருக்கு 3 சுற்றுக்கு மேல் வேண்டாம். 1,000 ஊர் இருந்தாலும் 9 சுற்றுதான்!

(இரண்டு தூரங்கள் சரிசமமாக இருந்தால் குழப்பம் வரும். எல்லாத் தூரமும் வெவ்வேறு என்று அவர் வைத்துக்கொண்டார்.)

இதுதான் குறைவா?

ஒரு கூட்டத்திலிருந்து வெளியே ஒரு கம்பியாவது போயே தீரவேண்டும். குட்டையான கம்பி இருக்கும்போது நீளமானதைப் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். குட்டையானதை மாட்டிவிட்டு, நீளமான ஒன்றைக் கழற்றிவிடலாம். எல்லா ஊரும் இணைந்தே இருக்கும். கம்பி மிச்சம்!

1926-ல் அவர் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். ஒன்று கணித அறிஞர்களுக்கு. மற்றொன்று மின்சார இஞ்சினீயர்களுக்கு. 1956-ல் அமெரிக்காவில் குருஸ்கல் என்பவர் இதே கணக்குக்கு வேறொரு வழி சொன்னார். போரூவ்காவின் பெயரையும் தம் கட்டுரையில் குறிப்பிட்டார். 1957-ல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த பிரிம் என்பவரும் ஒரு வழி சொன்னார்.

கம்பி அறுந்தால்?

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கம்பியைக் குறைத்தால், ஊருக்கும் ஊருக்கும் ஒரே பாதைதான். புயலில் ஒரு கம்பி அறுந்தாலும் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருட்டு! ஆஸ்பத்திரி விளக்கு அணையும். தண்ணீர் பம்பு நின்றுவிடும்.

ஆகவே, செலவானாலும் பரவாயில்லை என்று முக்கியமான இடங்களுக்கு இரண்டாவது பாதையும் போட்டு வைக்கிறார்கள். எந்தக் கம்பி அறுந்தாலும் எந்த ஊரும் இருட்டாகக் கூடாது. செலவும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு எங்கெங்கே கம்பி போடுவது? இந்தக் கணக்குக்கு இவ்வளவு சுலபமான வழி இன்றுவரை கிடைக்கவில்லை.