லான்சியா ஆரேலியா பி20 ஜிடி

லான்சியா ஆரேலியா பி20 ஜிடி என்பது இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த லான்சியா நிறுவனம் 1951 முதல் 1958 வரை தயாரித்த இரு கதவுக் கார் ஆகும். ரோமிலிருந்து மேற்குக் கடற்கரையோரம் வடக்கே செல்லும் பண்டைய ரோமானியச் சாலையின் பெயர் வியா ஆரேலியா. லான்சியா தன் கார்கள் பலவற்றுக்கு இப்படிச் சாலைகளின் பெயர்களையே சூட்டியது.

ஜிடி என்பது 'கிரான் துரிஸ்மோ' என்னும் இத்தாலியச் சொற்றொடரின் சுருக்கம். 'பெரும் பயணம்' எனலாம். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு, பெட்டி படுக்கையுடன், வேகமாகவும் களைப்பின்றியும் ஓட்டிச் செல்வதற்கான கார் என்பது இதன் பொருள். இப்பெயரை முதலில் பயன்படுத்தியது பி20 தான் என்று பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தன் 6சி 1750 காரின் ஒரு வகைக்கு அப்பெயரை வைத்திருந்தது. ஆனால் மூடிய கூரை, சிறிய எஞ்சின், சரிந்து இறங்கும் பின்புறம் என இன்று ஜிடி என்றதும் நம் மனத்தில் தோன்றும் உருவத்தை நிலைநிறுத்தியதில் பி20க்குப் பெரும் பங்கு உண்டு.

நிறுவனர் வின்சென்சோ லான்சியா 1937இல் இறந்தார். போருக்குப் பின் பொறுப்பேற்ற அவருடைய மகன் ஜான்னி, ஆரேலியா வெளிவந்தபோது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். வடிவமைப்பை மேற்பார்வையிட்டவர் ஆல்ஃபா ரோமியோவின் பந்தயக் கார்களால் புகழ்பெற்ற வித்தோரியோ யானோ. எஞ்சினுக்கு மூலகாரணமானவர் ஃபிரான்செஸ்கோ தே விர்ஜிலியோ என்னும் பொறியாளர்.

இந்த எஞ்சினைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்தால் எஞ்சின் அதிராமல் ஓடும். ஆனால் நீளம் அதிகம். நான்கு சிலிண்டர் எஞ்சின் குட்டையானது. ஆனால் அதிர்வு அதிகம். மூன்று மூன்றாகப் பிரித்து 'வி' எழுத்தின் வடிவில் சாய்த்து வைத்தால் நீளம் ஏறக்குறைய பாதியாகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டு இரு முறை சுற்றும்போது, அதாவது 720 பாகையில், ஒரு முறை எரியும். ஆறு சிலிண்டர் என்றால் 120 பாகைக்கு ஒன்று எரிய வேண்டும். இரு வரிசைகளுக்கும் இடையே 60 பாகை கோணம் வைத்து, எதிரெதிர் பிஸ்டன்கள் இரண்டையும் ஒரே கிராங்க் முளையில் பொருத்தினால் அந்த இடைவெளி சீராக அமையாது. எனவே ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனி முளை வைத்து, ஆறு முளைகளையும் 60 பாகை இடைவெளியில் அமைத்தார்கள். எரிதல் சீரானது, அதிர்வும் பெருமளவு அடங்கியது. வி6 எஞ்சின்கள் அதற்கு முன்பும் உண்டு என்றாலும், பெருமளவில் தொடர் உற்பத்திக்கு வந்து நிலைத்தது இதுவே முதல் முறை. எஞ்சின் உடல் அலுமினியத்தால் ஆனது.

1950இல் தூரின் கண்காட்சியில் வந்த பி10 என்னும் நான்கு கதவுக் காரில் இந்த எஞ்சின் 1,754 சி.சி. அளவில் 56 குதிரைத்திறன் தந்தது. மறு ஆண்டு வந்த பி20இல் 1,991 சி.சி., 75 குதிரைத்திறன்.

இன்னொரு புதுமை காரின் பின்பகுதியில் இருந்தது. வழக்கமாக எஞ்சினுக்கு அடுத்தே இருக்கும் கிளட்சையும் கியர் பெட்டியையும் பின்னுக்குக் கொண்டுபோய், டிஃபரன்ஷியலுடன் ஒரே கூட்டில் அடக்கினார்கள். காவடியின் இரு முனையிலும் பாரம் ஒத்திருந்தால் சுமப்பவர் நடை தள்ளாடாது அல்லவா? அதுபோல முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமானது. பின் பிரேக்குகளும் சக்கரத்தில் அல்லாமல் இக்கூட்டின் இருபுறமும் பொருத்தப்பட்டன. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடை குறைந்ததால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்புவது குறைந்தது. ரேடியல் டயர்களுடன் தொழிற்சாலையிலிருந்தே வந்த தொடக்ககாலக் கார்களில் ஆரேலியாவும் ஒன்று.

குறை இல்லாமலில்லை. முதல் மூன்று தொடர்களில் பின் சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் சாய்ந்த கைகளில் தாங்கப்பட்டன. வளைவில் எல்லை மீறி விரைந்தால் பின்புறம் திடீரென வெளியே வீசும். 1954இல் வந்த நான்காம் தொடரில் 'தே தியோன்' எனப்படும், இரு சக்கரங்களையும் ஒரு குழாயால் இணைக்கும் முறைக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே எஞ்சின் 2,451 சி.சி. ஆகப் பெருகி 118 குதிரைத்திறன் எட்டியிருந்தது. இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்பவை; ஆயினும் லான்சியா தன் பழைய வழக்கப்படி ஸ்டீயரிங்கையும் வலப்புறமே வைத்து வந்தது. பி20இல் இடப்புற ஸ்டீயரிங் கிடைத்ததும் நான்காம் தொடரிலிருந்துதான்.

பந்தயங்கள் இக்காரின் தரத்தை உலகறியச் செய்தன. 1951இல் சுமார் 1,600 கி.மீ. நீளும் மில்லே மில்லியா பந்தயத்தில் ஜொவான்னி பிராக்கோவும் உம்பெர்த்தோ மாலியோலியும் பி20இல் இரண்டாமிடம் பெற்றனர். அவர்களை முந்திய ஃபெராரியின் எஞ்சின் 4.1 லிட்டர், இவர்களுடையது இரண்டு லிட்டர்! 1952இல் சிசிலியின் தார்கா ஃபுளோரியோவில் முதல் மூன்று இடங்களும் பி20க்கே. வென்றவர் ஃபெலிச்சே பொனெட்டோ. 1954இல் லூயி ஷிரோன் மான்டி கார்லோ ராலியை வென்றார். அதே கார் துயரத்தையும் கண்டது: 1952இல் மில்லே மில்லியாவில் மூன்றாமிடம் பெற்ற லூயிஜி ஃபாஜியோலி, சில வாரங்களில் மொனாக்கோவில் ஆரேலியாவில் விபத்துக்குள்ளாகி, பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

இவ்வளவு நேர்த்திக்கும் விலை இருந்தது. பொதுவான மலிவு உதிரிகளை நாடாமல் செலவு பாராது செய்த கார் இது. எட்டு ஆண்டுகளில் பி20 ஏறக்குறைய 3,870 மட்டுமே உருவாயின. அத்துடன் ஜான்னி, பார்முலா 1 பந்தயத்துக்கு டி50 என்னும் காரையும் உருவாக்கினார். நிறுவனம் கடனில் தள்ளாடியது. 1955 மே மாதம் அதன் முதன்மை ஓட்டுநர் ஆல்பெர்த்தோ அஸ்காரி, மோன்சாவில் ஒரு ஃபெராரியை ஓட்டிப் பார்த்தபோது இறந்தார். இரண்டு மாதத்தில் லான்சியாவின் பந்தயக் கார்கள் முழுவதும் ஃபெராரியிடம் ஒப்படைக்கப்பட்டன. தொடர்ந்து லான்சியா குடும்பத்தின் பங்குகள் சிமென்ட் தொழிலதிபர் கார்லோ பெசென்டியிடம் சென்றன. அந்த டி50இன் மாற்று வடிவத்தில்தான் ஃபாஞ்சியோ 1956இல் ஃபெராரிக்காக உலகப் பட்டம் வென்றார்.

யானோவும் ஃபெராரிக்கு ஆலோசகராகச் சென்று, அங்கு 'டீனோ' வி6 எஞ்சினை உருவாக்குவதில் பங்கேற்றார். லான்சியாவிலோ, ஆரேலியாவின் வி6 எஞ்சினும் பின்புறக் கியர் பெட்டியும் அடுத்து வந்த ஃபிளாமினியா காரில் 1970 வரை தொடர்ந்தன.