இரு திறப்புகள்



கோயிற் பெட்டகத்துக்கு இரு பூட்டுகளிட்டு, திறப்புகளை ஒருவரையொருவர் நம்பாத இருவரிடம் ஒப்படைத்தால், அது நல்ல காவலே. ஆயின் ஒருவர் கோபித்துக்கொண்டு வாராதொழிந்தால், விளக்குக்கு எண்ணெய் வாங்கவும் வழியில்லை. வட அயர்லாந்தின் அரசாங்கம் இத்தகையது.

1921இல் அங்கு தோன்றிய பாராளுமன்றத்தில், பெரும்பான்மையினரான புரட்டஸ்தாந்தரின் கட்சியே ஐம்பதாண்டுகள் ஆண்டது. கத்தோலிக்கர் ஆட்சியில் அநேகமாகப் பங்கின்றி நின்றனர். கலகம் முற்றவே, 1972இல் லண்டன் அதனை இடைநிறுத்தியது. இரு பகுதியாரும் கூடி 1974இல் அமைத்த மந்திரிசபை, ஐந்தே மாதங்களில் ஒரு வேலைநிறுத்தத்தால் வீழ்ந்தது.

1998இன் பெரிய வெள்ளி உடன்படிக்கை, முதன்மந்திரி, துணை முதன்மந்திரி என இருவரை வைத்தது. ஏற்றத்தாழ்வு பெயரில் மட்டுமே, அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியிழப்பார். 2017இல் மார்ட்டின் மக்கின்னஸ் விலகினார்; மூன்றாண்டுகள் மந்திரிகளே இல்லை. 2022இல் மறுபகுதியாரான போல் கிவன் விலகினார். மேலும் ஈராண்டுகள் முழுமையான மந்திரிசபையின்றிக் கழிந்தன.

மந்திரியில்லாத நாடு எப்படி நடக்கும்? பெல்பாஸ்ற் நகருக்கு அருகே குப்பை எரிக்கும் ஆலையொன்றுக்குத் திணைக்களச் செயலாளர் அனுமதி கொடுத்தார். அத்தகைய முடிவெடுக்க அவருக்கு அதிகாரமில்லையென 2018இல் நீதிமன்றம் தீர்த்தது. குப்பையின் கதியே இதுவெனின், வைத்தியசாலையிற் காத்திருந்த நோயாளரின் கதியைச் சொல்ல வேண்டுமோ? அவர்தம் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று.

2024 பெப்ரவரியிற் சபை மீண்டும் கூடியது. கத்தோலிக்கப் பகுதியினரின் மிஷெல் ஓநீல் முதன்மந்திரியானார். அப்பகுதியார் அப்பதவியை வகித்தது அதுவே முதன்முறை. மறுபகுதியாரின் எம்மா லிற்றில் பெங்கலி துணை முதன்மந்திரியானார். ஒருவர் விலகின் மற்றவரும் வீழும் விதியை அப்பொழுதும் எவரும் மாற்றவில்லை.