பகல்நேர நெடுந்தொடர்களின் நிறுத்தமும் மீட்டெடுப்பும்: போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இடையில் நிறுத்தப்பட்ட தொலைக்காட்சி நெடுந்தொடர்களை மீண்டும் தொடங்குவதில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. உரிமை, நடிகர், கதை ஆகியவை குறித்த சிக்கல்கள் பலராலும் பேசப்பட்டவை. பார்வையாளரின் நாள்பொழுதோடு தொடர் கொண்டிருந்த பிணைப்பு அறுந்துபோவதே இவற்றினும் கடினமான சிக்கல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவையும் களமாகக் கொண்டு இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நெடுந்தொடர், பகல்நேர ஒளிபரப்பு, மீட்டெடுப்பு, ஏலத்தோட்டத் தொழிலாளர், பார்வையாளர் அளவீடு.

முன்னுரை

தமிழ் நெடுந்தொடர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெண் பாத்திரப் படைப்பு, குடும்பச் சித்திரிப்பு, மொழிநடை ஆகியவற்றையே பொருளாகக் கொள்கின்றன. ஒரு தொடர் எவ்வாறு முடிகிறது, அல்லது முடியாமலே நின்றுபோகிறது என்பது அரிதாகவே வினவப்படுகிறது. நாவல் நூலாக நிலைத்துவிடுகிறது. திரைப்படம் சுருளாகவோ எண்முறைக் கோப்பாகவோ எஞ்சுகிறது. நெடுந்தொடரோ நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் நிகழ்வது. அந்த நேரம் வேறொன்றுக்கு வழங்கப்பட்டதும் அது ‘இருக்கும்’ இடமே இல்லாமற்போகிறது. ஆகவே நின்ற தொடரை மீட்பது பழைய நூலை மறுபதிப்புச் செய்வது போன்ற வேலையன்று.

பகல்நேரம் என்னும் பகுப்பு

நெடுந்தொடர் பகற்பொழுதிற் பிறந்த வடிவம். அமெரிக்க வானொலியில் வீட்டிலிருக்கும் பெண்களை நோக்கி, சோப்பு நிறுவனங்களின் விளம்பர ஆதரவில் வளர்ந்தமையால் அதற்கு அங்கே ‘சோப்பு’ என்னும் அடைமொழியே ஒட்டிக்கொண்டது. 1937இல் வானொலியில் தொடங்கிப் பின்னர் தொலைக்காட்சிக்குப் பெயர்ந்த ‘கைடிங் லைட்’ 2009 வரை நீடித்தது. இந்தியாவில் 1994இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘சாந்தி’ பகல்நேர நாள்தொடருக்கு வழிவகுத்தது. தமிழில் தனியார் அலைவரிசைகள் வந்தபின் இரவு வேளை முதன்மை பெற்றது; 1999இல் தொடங்கிய ‘சித்தி’ அதனை உறுதிப்படுத்தியது. நண்பகல் தொடர்கள் குறைந்த விளம்பரக் கட்டணத்தில், குறைந்த செலவில், விமரிசகர் கண்ணிற் படாமல் ஓடிக்கொண்டிருந்தன. பல ஆண்டுகள் ஓடிய நண்பகல் தொடருக்குக்கூட நாளேட்டில் ஒரு பத்தி விமரிசனம் கிடைப்பது அரிது. நின்றபோது அதனை மீட்கக் குரல் எழாமைக்கு இப்புறக்கணிப்பும் ஒரு காரணம்.

2020: நின்ற தொடர்கள்

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச் மாதம் சின்னத்திரைப் படப்பிடிப்புகள் நிறுத்தப்பட்டன. மே 21ஆம் நாள் தமிழக அரசு 20 பேருக்கு மிகாமல் உள்ளரங்கப் படப்பிடிப்பு நடத்த இசைவளித்தது. பின்னர் அவ்வரம்பு 60 பேராக உயர்த்தப்பட்டது. சென்னையில் மீண்டும் ஊரடங்கு வந்ததால் பணி தடைப்பட்டு, ஜூலையில்தான் நிலைபெற்றது. இதற்கிடையே சன் தொலைக்காட்சியின் ‘அழகு’, ‘கல்யாண பரிசு’, ‘தமிழ்ச்செல்வி’, ‘சாக்லேட்’ ஆகிய தொடர்கள் கைவிடப்பட்டன. இவற்றுள் ‘கல்யாண பரிசு’ 2014 முதல் ஆறாண்டுகள் நண்பகலில் ஓடிய தொடர். மற்ற மாநிலங்களிலிருந்து வரவேண்டிய நடிகர்கள் வரமுடியாத நிலையில், தப்பிய தொடர்கள் பலவற்றிலும் முகங்கள் மாறின.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. தேனி மாவட்டத்திற்கும் இடுக்கி மாவட்டத்திற்கும் இடையிலுள்ள போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழிகள் அதே மார்ச் மாதத்தில் மூடப்பட்டன. போடியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் வீட்டிலிருக்க நேர்ந்தது. வேலைநாட்களின் நண்பகலில் தொலைக்காட்சி முன் அமரும் வாய்ப்பு அவர்களுக்குத் தொடர்ச்சியாகக் கிட்டிய அரிய காலம் அது. அந்தக் காலத்தில்தான் புதிய பகுதிகள் இல்லை. கிடைத்தவை மறு ஒளிபரப்புகள்: திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’யும், தூர்தர்ஷனில் மார்ச் 28 முதல் மீண்ட ‘இராமாயண’மும் அவற்றுட் சில. புதிய பகுதிகள் திரும்பிய ஜூலை இறுதியோ ஏலக்காய்ப் பறிப்புப் பருவம் தொடங்கும் வேளை. அனுமதிச்சீட்டு பெற்று எல்லை கடக்க முடிந்தவர்கள் மலையேறத் தொடங்கினர்.

யாருடைய நண்பகல்?

‘பகல்நேரத் தொடரின் பார்வையாளர் இல்லத்தரசி’ என்னும் எடுகோள் இச்சரிவில் அப்படியே பொருந்தாது. ஏலக்காய் ஒரே அறுவடையில் முடிவதன்று. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை ஏறத்தாழ 30 முதல் 45 நாள் இடைவெளியில் சுற்றுச்சுற்றாகக் காய் எடுக்கப்படும். பறிப்புக் காலத்தில் உழைக்கும் வயதினர் பலர் பகலில் ஊரில் இரார். கோடையில் தோட்ட வேலை குறையும்போது சிலர் வீட்டிலிருப்பர். வேறு சிலர் போடியிலுள்ள கிடங்குகளில் காய் தரம் பிரிக்கச் செல்வர். மலைமேல் தோட்டக் குடியிருப்புகளிலேயே தங்கிவிட்டவர்களுக்கு வேறொரு கால அட்டவணை. ஆகவே நண்பகல் தொடரை ஆண்டு முழுவதும் இடைவிடாது பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதியோரும் கைக்குழந்தையுடன் வீட்டிலிருக்கும் இளந்தாய்மாருமே. மற்றவர்கள் பருவகாலப் பார்வையாளர்கள்.

இவ்விரு வகையினரையும் அளவீடு எவ்வாறு கண்டது? முந்தைய அளவீட்டு முறை முதன்மையாக நகர்ப்புறங்களையே கணக்கிட்டது. 2015இல் ‘பார்க்’ அமைப்பு ஊரகத் தரவையும் சேர்த்து வெளியிடத் தொடங்கிய பின்னரே சிற்றூர்கள் எண்ணிக்கைக்குள் வந்தன. ஆயினும் தெரிந்தெடுத்த வீடுகளில் பொருத்தப்படும் கருவியின் வாரக்கணக்கில், பருவந்தோறும் கரைந்து திரும்பும் பார்வையாளர் ‘குறைந்துவிட்ட’ பார்வையாளராகவே தோன்றுவர். போடிநாயக்கனூர் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 75 ஆயிரம் மக்கள் வாழும் நகராட்சி. அதன் பகல்நேர மக்கள்தொகை மாதத்துக்கு மாதம் மாறுவது. வாரக்கணக்கை வைத்து ஒரு தொடரை நிறுத்துவோர், இங்கே ஆவணியில் நிறுத்தினாலும் பங்குனியில் நிறுத்தினாலும் ஒரே முடிவையே எடுத்ததாக எண்ணிக்கொள்வர்.

2006க்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011இல் புத்துயிர் பெற்று 70 ரூபாய் மாதக் கட்டணத்தில் இணைப்பு வழங்கிய அரசு கேபிள் நிறுவனமும் கருவியையும் இணைப்பையும் எளியோர் வீடுகளுக்குக் கொண்டுவந்தன. அவற்றால் தரமுடியாதது பார்ப்பதற்கான பொழுது.

உரிமைச் சிக்கல்

தமிழ் நெடுந்தொடர்கள் இருவகை ஏற்பாட்டில் உருவாகின்றன. ஒன்றில், தயாரிப்பாளர் அலைவரிசைக்கு ஒளிபரப்புக் கட்டணம் செலுத்தி நேரத்தைப் பெற்று, தமக்குரிய விளம்பர நொடிகளைத் தாமே விற்கிறார். மற்றொன்றில், அலைவரிசை ஒரு பகுதிக்கு இவ்வளவு எனத் தொகை கொடுத்துத் தொடரைத் தயாரிக்கச் செய்கிறது. முதல் ஏற்பாட்டில் தயாரிப்பாளர் கையில் உரிமை எஞ்சக்கூடும், நேரம் எஞ்சாது. இரண்டாவதில் நேரமும் உரிமையும் அலைவரிசையிடமே தங்கும். ஆனால் மீட்கவேண்டும் என்னும் வேட்கை கதையை எழுதியவரிடம் இருக்கும். எவ்வகையாயினும் மீட்டெடுப்புக்கு வேண்டிய யாவும் ஒருவர் கையில் இருப்பதில்லை.

இச்சிக்கல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்கப் பகல்நேரத் தொடர்கள் இரண்டு சான்றாகும். ஏபிசி நிறுவனம் 1970 முதல் ஒளிபரப்பிய ‘ஆல் மை சில்ரன்’ 2011இலும், 1968 முதல் ஒளிபரப்பிய ‘ஒன் லைஃப் டு லிவ்’ 2012 தொடக்கத்திலும் நிறுத்தப்பட்டன. பிராஸ்பெக்ட் பார்க் என்னும் நிறுவனம் உரிமம் பெற்று இணையத்தில் தொடர முனைந்தது. நிதியும் தொழிற்சங்க உடன்பாடும் கைகூடாமல் 2011 இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2013 ஏப்ரல் 29இல் இரண்டும் இணையத்தில் மீண்டன. ஒரு மணிநேரத் தொடர் அரைமணியாகச் சுருங்கியது. வார நாட்களிலெல்லாம் வந்தது விரைவில் வாரம் இரு பகுதிகளாகக் குறைந்தது. இடைக்காலத்தில் ஏபிசி தன் இன்னொரு தொடரில் பயன்படுத்திய பாத்திரங்கள் யாருக்குரியவை என்பது வழக்காயிற்று. அவ்வாண்டே படப்பிடிப்பு நின்றது. மறு ஆண்டு அந்நிறுவனம் திவால் அறிவித்தது. நடிகரை மீட்கலாம், ஆனால் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரை மீட்க நீதிமன்றம் செல்லவேண்டும் என்னும் நிலை! 1985 முதல் ஓடிய ஆஸ்திரேலியாவின் ‘நெய்பர்ஸ்’ 2022இல் நின்று, 2023இல் இணையவழி நிறுவனம் ஒன்றின் ஆதரவில் மீண்டு, 2025 இறுதியில் மறுபடியும் முடிவுற்றது. புதிய ஆதரவாளரின் வணிகத் திட்டத்துக்கு உட்பட்ட ஆயுளே மீட்கப்பட்ட தொடருக்கு அமைகிறது.

உடலும் பெயரும்: தமிழ்ச் சான்றுகள்

தமிழில் மீட்டெடுப்பு எனப்படுவது பெரும்பாலும் தலைப்பின் மீட்டெடுப்பே. ‘சரவணன் மீனாட்சி’ ஒரே பெயரில் வெவ்வேறு கதைகளாக நீண்டது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2023இல் முடிந்த கையோடு அதே தலைப்பில் புதிய குடும்பம் ஒன்றைத் தொடங்கியது. ‘சித்தி 2’ 2020 ஜனவரியில் தொடங்கி, இரு மாதத்தில் ஊரடங்கிற் சிக்கியது. 2021இல் ராதிகா விலகியபின் வெண்பா, கவின் என்னும் இளையோரை மையமிட்டு 2022 வரை ஓடியது. சித்தி இல்லாத ‘சித்தி’ அது. பெயர் முதலீட்டை ஈர்க்கிறது. பெயருக்குப் பொருள் தந்தவர் நீங்கியதும் எஞ்சுவது வணிகச் சின்னம்.

கதையையே தொடர்ந்த முயற்சியாகச் சுட்டத்தக்கது திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’. 2022 பிப்ரவரி 7இல் தொடங்கிய இத்தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, தேனி மாவட்டம் வருசநாடு அருகேயுள்ள பசுமலைத்தேரியைச் சேர்ந்தவர். அவருடைய பேச்சில் இம்மாவட்டத்தார் தங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் அதிகாரத் தொனியைக் கேட்டனர். வெறுத்துக்கொண்டே உரிமை பாராட்டினர். 2023 செப்டம்பர் 8இல் அவர் மாரடைப்பால் மறைந்தார். கதையில் அப்பாத்திரம் சிறிது காலம் காணாமற் போனதாகக் காட்டப்பட்டு, பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அதனை ஏற்றார். தொடர் 2024 ஜூன் 8இல் முடிந்து, டிசம்பர் 23இல் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என மீண்டது. அப்போது ஜனனி பாத்திரத்துக்கும் வேறு நடிகை வந்திருந்தார். வட்டார வழக்கால் உயிர்பெற்ற பாத்திரத்தை அதே சொற்களோடு இன்னொரு வட்டாரக் குரல் ஏற்கும்போது, பாத்திரம் தொடர்கிறது, பேச்சு தொடர்வதில்லை. இதனை நடிப்புக் குறை என்று கொள்வது தவறு. நெடுந்தொடரில் நடிகரின் குரல் உரையாடலாசிரியரின் எழுத்தையே நாளடைவில் மாற்றிவிடுகிறது. புதியவருக்குக் கிடைப்பது மற்றொருவரின் குரலுக்காகத் தைக்கப்பட்ட சட்டை.

‘மெட்டி ஒலி’யைப் போன்ற தொடரை இன்று தொடர நினைப்போர் எதிர்கொள்ளவேண்டியதும் இதுவே. அதில் நடித்த உமா மகேஸ்வரி 2021இல் மறைந்தார். மறு ஒளிபரப்பில் அவர் என்றும் இளையவர். மீட்டெடுப்பிலோ அவருடைய இன்மைக்குக் கதை ஒரு காரணம் சொல்லியாகவேண்டும்.

மேற்கூறிய தமிழ் மீட்டெடுப்புகள் யாவும் இரவு நேரத்தில் தொடங்கியவை. ‘கல்யாண பரிசு’ போன்ற நண்பகல் தொடர் அவ்வாறு திரும்பவில்லை.

பழக்கத்தின் மீட்சி

மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூன் 15இல்தான் போடிக்கு மீண்டும் இரயில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் பயணியர் பேருந்துக்கும் ஜீப்புக்கும் தம் நாளை ஒழுங்குபடுத்திக்கொண்டுவிட்டனர். நின்ற தொடரின் பார்வையாளரும் காத்திருப்பதில்லை; ஆறு மாதத்துக்குள் அந்த அரைமணியை வேறொரு தொடரோ கைப்பேசிக் காணொளியோ எடுத்துக்கொள்கிறது.

இச்சரிவில் அறுபடுவது மற்றொன்றும் உண்டு. மலையேறிச் சென்றவர் பார்க்காத நண்பகல் பகுதியை, மாலையில் வீட்டிலிருக்கும் மாமியாரோ பாட்டியோ சொல்லக் கேட்பது இங்கு வழக்கம். மறுநாள் ஜீப்பில் அக்கதை இன்னொருவர் வீட்டுச் சொல்லோடு ஒப்பிடப்பட்டுத் திருத்தம் பெறும். சொல்பவர் தமக்குப் பிடிக்காத மருமகளைச் சற்றுக் கடுமையாகவே சொல்வார். கேட்பவர் அதனைத் தள்ளுபடி செய்துகொண்டு கேட்பார். செவிவழிப் பார்வையாளரான இவரை எந்தக் கருவியும் எண்ணியதில்லை. தொடர் நிற்கும்போது இச்சங்கிலியும் நிற்கிறது. ஓராண்டு கழித்து அது மீளும்போது, கதையைச் சொல்லியவர் பார்வை மங்கியோ வேறு மகன் வீட்டுக்குப் பெயர்ந்தோ போயிருக்கலாம்.

இணையத்தில் பழைய பகுதிகள் கிடைப்பது இதற்கு மாற்றாகும் எனச் சிலர் கூறுவர். தனித்துப் பார்ப்பதற்கு அது உதவும். ஆனால் அனைவரும் ஒரே நாளில் ஒரே பகுதியில் நிற்பதால்தான் ஜீப்பில் உரையாடல் பிறக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதியில் நின்றால் பேச ஒன்றுமில்லை. நண்பகல் தொடரை மீட்க விரும்பும் அலைவரிசை இரவு ஏழு மணியளவில் அதனை மறு ஒளிபரப்புச் செய்யுமாயின் இருவகைப் பார்வையாளரையும் ஒரே நாளில் சேர்க்க இயலும். அந்நேரம் விளம்பரக் கட்டணம் மிகுந்தது. ஆதலால் மறு ஒளிபரப்புகள் நள்ளிரவை ஒட்டியோ காலையிலோ தள்ளப்படுகின்றன. ‘எதிர்நீச்சல்’ வந்த இரவு ஒன்பதரை மணியே விடியுமுன் ஜீப்புக்கு எழவேண்டியவருக்குப் பிந்திய நேரம். அவர்களுட் சிலர் அதனையும் மறுநாட்காலை, வளைவுகளில் ஏறும்போது, பிறர் சொல்லியே அறிந்தனர்.