உஷார்! ஆம்பூர்க் கதைக்கு வலை விரிக்கிறார்கள்

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் பிள்ளைகள் எல்லாரும் எந்தப் பயிற்சி விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

"உங்கள் ஊர்க் கதை ஓடிடியில்! மூன்றே நாள் பயிற்சி. ஆவணப்பட ஐடியாவை வளர்ப்பது, பிட்ச் செய்வது, ஃபண்ட் வாங்குவது எல்லாம் கற்றுத் தருகிறோம். முடித்தவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் முன் நேரடி வாய்ப்பு." இந்த மாதிரி அழைப்பு உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். முன்பின் தெரியாதவர்கள் நேராக அனுப்பும் கதைகளை ஏற்பதில்லை என்று நெட்ஃபிளிக்ஸே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. ஏஜென்ட் மூலமாகவோ, அவர்களோடு ஏற்கெனவே வேலை செய்த தயாரிப்பாளர் மூலமாகவோதான் போக முடியும். மூன்று நாள் கோர்ஸில் அந்தக் கதவு திறக்காது. டிவி சேனலில் 'ஸ்லாட் வாங்கித் தருகிறோம்' என்பதும் அப்படித்தான். ஸ்லாட்டுக்குப் பணம் கட்டுபவர் நீங்கள் என்றால், உங்களுக்கு யாரும் ஃபண்ட் கொடுக்கவில்லை.

எல்லாப் பயிற்சியும் மோசடி என்று சொல்லவில்லை. கொல்கத்தாவில் 2004 முதல் டாக்எட்ஜ் நடக்கிறது. ஆசிய ஆவணப்படக்காரர்கள் அங்கே வழிகாட்டிகளிடம் கதையைத் தீட்டி, பன்னாட்டுத் தயாரிப்பாளர்கள் முன்னால் பிட்ச் செய்கிறார்கள். கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்எஃப்டிசி) 2007-இல் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையைத் தொடங்கியது. 2024 மும்பை ஆவணப்பட விழாவில் ஆவணப்படங்களுக்கும் சந்தை போட்டார்கள். இங்கேயும் கட்டணம் இருக்கலாம். ஆனால் பணம் நிச்சயம் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. அப்படி வாக்குக் கொடுப்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

கட்டிய பணம் போனால் வலிக்கும், ஆறு மாதத்தில் சம்பாதித்துவிடலாம். கதை போனால்? பயிற்சிக்கான விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். "பயிற்சியில் சமர்ப்பிக்கப்படும் அனைத்துப் படைப்புகளின் உரிமையும் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும், நிறுவனத்தையே சேரும்" என்கிற மாதிரி ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கலாம். ஏன் 'நிரந்தரமாக', ஏன் 'உலகம் முழுவதற்கும்'? பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் அது 5 ஆண்டுதான், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். அந்த இரண்டு பாதுகாப்பையும் பறிக்கத்தான் அந்த இரண்டு சொல். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. தன் நாடகத்தைத்தான் படமாக எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்ட நாடகாசிரியர் தோற்றார். ஆனால் 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சன்டயல் நிறுவனம் ஜீ டெலிஃபிலிம்ஸுக்கு எதிராகத் தடை உத்தரவு பெற்றது. சேனலுக்கு நம்பிக்கையின் பேரில், எழுத்தில் கொடுத்த தொடர்க் கருவை ரகசியத் தகவலாக நீதிமன்றம் மதித்தது. ஆகவே வாயால் மட்டும் கதை சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதி, 'ரகசியம்' என்று குறித்து, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பிறகு பேசுங்கள். எழுத்துப் படைப்பைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

நம் பக்கத்துக் கதைகளைத் தேடி ஏன் வருகிறார்கள்? பாலாற்றையும் தோல் கழிவையும் பற்றி 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு உலகமே மேற்கோள் காட்டும் தீர்ப்பு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டைப் பற்றியும் ஆற்றைச் சீரமைப்பதைப் பற்றியும் உத்தரவிட்டது. தீர்ப்பு பொதுச் சொத்து, யாரும் எடுத்துப் படிக்கலாம். உங்களிடம் மட்டும் இருப்பது வீட்டுக்குள் போகும் உரிமை. திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் ஷூ மேல்பாகம் தைக்கும் அக்கா உங்களை நம்பிப் பேசுவார். வெளியூர்க்காரருக்கு அவர் கதவே திறக்கமாட்டார்.

எனக்குப் பெரிய பயமே இங்கேதான். பிட்ச் வகுப்புக்கு 'ரெண்டு நிமிஷ டீசர் கொண்டு வாங்க' என்பார்கள். நீங்களும் அந்த அக்காவின் முகத்தோடு, குரலோடு, கூலி எவ்வளவு என்று அவர் சொன்னதோடு கொண்டு போவீர்கள். வகுப்பில் முப்பது பேர் பார்ப்பார்கள், அதில் ஒருவர் ஃபார்வர்டு செய்வார். அது ஷூ கம்பெனிக்குத் தெரிந்தவர் கைக்குப் போனால், வேலை கொண்டுவந்து தரும் ஏஜென்ட் மறுநாள் அந்தத் தெருவுக்கு வரமாட்டார். உங்களுக்கு அது பயிற்சி, அந்த அக்காவுக்கு அடுப்பெரியும் பிழைப்பு. 2015 ஜனவரி 31-இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் அழுகையையும் வகுப்பறைச் சரக்காக்கிவிடாதீர்கள். டீசருக்கு முகத்தை மறையுங்கள், ஊர்ப் பெயரை எடுங்கள். படத்துக்கு வாங்கிய சம்மதம் பிட்சுக்குச் செல்லாது. அதற்குத் தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து வெளிநாட்டு மானியம். 'எங்க அக்கவுண்ட்ல வாங்கி உங்களுக்கு மாத்தி விடுறோம்' என்று சொன்னால் ஓடுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) 2020-இல் வந்த திருத்தப்படி, ஒருவர் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும், பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். மானியமா, படத்தை விற்ற வணிகப் பணமா என்பதைப் பொறுத்து விதி மாறும். ஒரு ஆடிட்டரைப் பார்க்காமல் உங்கள் சேமிப்புக் கணக்கு எண்ணை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

'ஃபண்ட் சாங்ஷன் ஆயிடுச்சு தம்பி, ரிலீஸ் பண்ண ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டிடுங்க' என்று போன் வந்தால் அது பச்சை மோசடி. உங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்கு உங்களிடமே எவரும் முன்பணம் கேட்கமாட்டார். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.