‘தள்ளுபடி’ என்பதன் பொருள்

உயர் நீதிமன்றத்தில் தோற்றவரின் மனு உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று எனச் செய்தி வந்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரியென்று உச்ச நீதிமன்றமே ஒப்பிவிட்டதாகப் பலரும் முடிவு கட்டுகின்றனர். இம்முடிவு எல்லா வேளையிலும் பொருந்துவதன்று.

சில வழக்குகளில் மேல்முறையீடு என்பது உரிமையாகும். விடுதலை பெற்ற ஒருவருக்கு, அவ்விடுதலையை மாற்றி உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், அவர் உரிமையுடனேயே உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 136ஆம் உறுப்பு அத்தகையதன்று. இராணுவ நீதிமன்றங்கள் நீங்கலாக, நாட்டின் எந்த நீதிமன்றத்தின், தீர்ப்பாயத்தின் முடிவுக்கு எதிராகவும் மேல்முறையீடு செய்யச் ‘சிறப்பு அனுமதி’ வழங்க அது அதிகாரம் அளிக்கிறது. வழங்குவதும் மறுப்பதும் உச்ச நீதிமன்றத்தின் விருப்புரிமையாகும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மனுவைப் பொதுவாக 90 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மனுவைக் கேட்கும் நீதிபதிகள் அதைத் தொடக்கத்திலேயே தள்ளலாம், எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பலாம், அனுமதியும் வழங்கலாம். அனுமதி கிடைத்த பின்னரே மனு மேல்முறையீடாக மாறுகிறது.

எவற்றுக்கு அனுமதி? கடும் அநீதி நேர்ந்த, விதிவிலக்கான வழக்குகளில் மட்டும் இவ்வதிகாரத்தை அருகியே பயன்படுத்த வேண்டும் என்று 1950இல் பிரீதம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதற்கு நெறிமுறைகள் வகுக்க வேண்டுமா என்ற வினா பின்னர் ஐந்து நீதிபதிகளின் அரசமைப்பு அமர்வின் முன் வந்தபோது, அவ்வமர்வு 2016இல் அதற்கு இசையவில்லை. விருப்புரிமை வரம்பிடப்படாமலே நிற்கிறது.

இனித் தள்ளுபடிக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு குஞ்ஞயம்மது எதிர் கேரள மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. காரணம் கூறாமல் அனுமதி மறுக்கப்பட்டால், மேல்முறையீட்டைக் கேட்க நீதிமன்றம் விரும்பவில்லை என்பதே அதன் பொருள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்திருக்கும். எனினும் அது உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகிவிடாது. நாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதிலிருந்து பிறவாது. காரணம் கூறி மறுத்தால், அதில் உரைக்கப்பட்ட சட்டக் கருத்து கட்டுப்படுத்தும். அனுமதி வழங்கி, மேல்முறையீட்டைக் கேட்டுத் தள்ளினால் மட்டுமே கீழ்த்தீர்ப்பு மேல்தீர்ப்பினுள் இணைகிறது.

இது வெறும் சொல்லாய்வு அன்று. அனுமதி மறுக்கப்பட்டவர், தகுந்த காரணம் இருப்பின், உயர் நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கோரலாம். ‘எல்லாம் முடிந்தது’ என்றெண்ணித் திரும்புபவர் அவ்வாய்ப்பை இழக்கிறார். ஆகவே தள்ளுபடிச் செய்தியைப் படிக்கையில் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: தள்ளப்பட்டது மனுவா, மேல்முறையீடா? காரணம் கூறப்பட்டதா? கேளாது விடுதல் வேறு. கேட்டுத் தீர்த்தல் வேறு.